பள்ளிக்கு ஆய்வகம் அமைக்கப் போகிறீர்களா? முதலில் குழாயைத் திறந்து பாருங்கள்

மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகும் சாலையில் உள்ள ஓர் உதவிபெறும் பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியர். பத்தாம் வகுப்பு வரை இருந்த பள்ளியை மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தினோம். மேல்நிலைப் பிரிவு சுயநிதி. ஆய்வகத்துக்கு எல்லாப் பணத்தையும் நாங்களேதான் புரட்ட வேண்டும். அதுவரை எங்கள் பள்ளியின் மொத்த அறிவியலும் ஒரு பச்சை நிற பீரோவுக்குள் அடங்கியிருந்தது.

நாங்கள் செய்த முதல் காரியம், ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கருவிகள் வாங்கியது. வாங்கி வந்த பிறகுதான் வைக்க மேசை இல்லை, கழுவத் தொட்டி இல்லை, தொட்டி இருந்தாலும் தண்ணீர் போக வழி இல்லை என்பது தெரிந்தது. நிறமாலைமானி (ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் கருவி) எட்டு மாதம் தலைமையாசிரியர் அறையில் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்தது. எலி ஒன்று அதன் தெர்மாகோலில் குடித்தனம் நடத்தியது. கடைசியில் வாங்க வேண்டியதை முதலில் வாங்கியதுதான் எங்கள் எல்லாத் தொல்லைக்கும் ஆரம்பம். நீங்கள் அந்த வரிசையில் போகாதீர்கள்.

1. எத்தனை பேர், என்னென்ன பரிசோதனை: இதை ஒரு தாளில் எழுதுங்கள்

கடைக்காரரிடம் "பிளஸ் டூ லேப் லிஸ்ட் கொடுங்கள்" என்று கேட்டால் நாற்பது பக்கத்துக்கு ஒரு பட்டியல் தருவார். அதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. உங்கள் பட்டியலை பாடநூலின் செய்முறைப் பகுதியிலிருந்து நீங்களே எடுங்கள்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வொன்றுக்கும் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. நமக்கு வேண்டியது இந்தச் செய்முறைத் தேர்வுக்குத் தேவையான பொருள்கள். மற்றவை அப்புறம்.

ஒவ்வொரு பரிசோதனைக்கும் எதிரே மூன்று கட்டம் போடுங்கள்: என்ன கருவி, ஒரே நேரத்தில் எத்தனை பேர் செய்வார்கள், எது தீர்ந்துபோகும் எது தங்கும் என்பது. ஒரு அணிக்கு 20 முதல் 24 மாணவர்கள் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்: வேதியியலில் தரம் பார்த்தல் (டைட்ரேஷன்) எல்லோரும் ஒரே நேரத்தில் செய்வது, ஆகவே பியூரெட் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாய்) ஆளுக்கு ஒன்று. இயற்பியலில் சுழற்சி முறை, ஆகவே ஒவ்வொரு பரிசோதனைக்கும் இரண்டு மூன்று செட் போதும். இந்த ஒரு வேறுபாட்டை நாங்கள் கவனிக்கவில்லை. ஆறு நிறமாலைமானியும் பன்னிரண்டு பியூரெட்டும் வாங்கினோம். நேர் தலைகீழ்.

2. காகித வேலையை முந்தைய ஆகஸ்டிலேயே தொடங்குங்கள்

ஜூனில் பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவு தொடங்க வேண்டுமானால், முந்தைய ஆண்டு ஆகஸ்டில் கோப்பு திறந்திருக்க வேண்டும். தனியார், உதவிபெறும் பள்ளிகளிடம் எப்போதும் கேட்கப்படும் சான்றுகள் நான்கு:

கட்டட உறுதிச் சான்று, பொறியாளரிடமிருந்து.
கட்டட உரிமம், வட்டாட்சியரிடமிருந்து. 1965ஆம் ஆண்டுப் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி தருவது. ஊரில் 'படிவம் டி' என்பார்கள்.
தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று.
சுகாதாரச் சான்று.

இவை எல்லாவற்றுக்கும் காலாவதித் தேதி உண்டு. ஒன்றை வாங்கி முடிப்பதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். நான்கின் தேதியையும் ஒரே அட்டையில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நாங்கள் இரண்டு வகுப்பறைகளுக்கு இடையிலிருந்த சுவரை இடித்து ஆய்வகமாக்கினோம். உறுதிச் சான்றில் இருந்ததோ பழைய வரைபடம். பார்வையிட வந்தவர் வரைபடத்தையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், இந்தச் சுவர் எங்கே?" என்றார். புதிய வரைபடம், புதிய சான்று, பொறியாளர் கட்டணம் 12,000 ரூபாய், ஏழு வாரம். சுவரில் கை வைப்பதற்கு முன்பே பொறியாளரை அழைத்து, ஆய்வகம் என்றே குறிப்பிட்ட வரைபடம் போட்டுவிடுங்கள். இடிக்கப்போவது பாரம் தாங்கும் சுவரா இல்லையா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அரசுப் பள்ளி என்றால் உங்கள் வழி வேறு. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு தலைமையாசிரியர் மூலம் மேலே அனுப்ப வேண்டும். தீர்மானத்தில் "ஆய்வக வசதி தேவை" என்று பொதுவாக எழுதாதீர்கள். "இயற்பியல் ஆய்வகத்துக்கு 30 அடிக்கு 20 அடி அறை, 6 மேசை, 4 தொட்டி" என்று எண்ணோடு எழுதுங்கள். எண் இல்லாத கோரிக்கைக்கு "பரிசீலிக்கப்படும்" என்பதைத் தவிர வேறு பதில் வராது.

3. பணம் எங்கிருந்து வரும்

முதலில் எங்கள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு அறை, மூன்று பாடம். தண்ணீர், வடிகால், மின்சாரம் 1.90 லட்சம். மேசைகள் 1.40 லட்சம். இயற்பியல் கருவிகள் 1.60, வேதியியல் 1.10, உயிரியல் 0.70. மொத்தம் 6.70 லட்சம். நாங்கள் தப்புச் செய்து திருத்திய செலவு இதில் சேராது.

அரசுப் பள்ளிகளுக்கு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் இருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கியது. முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் பள்ளியைத் தேர்ந்தெடுத்து இணையவழியில் பணம் தரலாம். பள்ளி தன் தேவையை அதில் சரியாகப் பதிவு செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியையும் கேட்டுப் பார்க்கலாம்.

எங்களைப் போன்ற பள்ளிகள் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைத்தான் நம்ப வேண்டும். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவிட வேண்டும். கப்பலூர் தொழிற்பேட்டையில் நான் ஏறி இறங்கிய பட்டறைகளில் பல இந்த வரம்புக்குள்ளேயே வராதவை. அது தெரியாமல் பதினோரு இடத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். ஆனால் அவர்களில் ஒருவர் பணம் தராமல் மேசைக்கான இரும்புச் சட்டங்களைத் தம் பட்டறையிலேயே அடித்துக் கொடுத்தார். ஆகவே சின்ன முதலாளிகளிடம் பணம் கேட்காதீர்கள், பொருள் கேளுங்கள்.

பெரிய நிறுவனத்திடம் போவதற்கு முன் உங்கள் அறக்கட்டளையிடம் இவை இருக்கின்றனவா பாருங்கள்: பதிவுப் பத்திரம், பான் அட்டை, வருமான வரித் துறையின் 12ஏ பதிவு, 80ஜி பதிவு, மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை, சிஎஸ்ஆர்-1 (சமூகப் பொறுப்பு நிதி பெறுவதற்கான பதிவு) எண். கடைசியில் சொன்னது 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அதில்தான் பல பள்ளிகள் சறுக்குகின்றன. செயலரின் மின்கையொப்பமும் பட்டயக் கணக்காளரின் சான்றும் வேண்டும். எங்கள் செயலருக்கு மின்கையொப்பம் வாங்கவே மூன்று வாரம் ஆயிற்று. ஆதாரில் ஒரு பெயர், பானில் இன்னொரு முதலெழுத்து.

நேரமும் முக்கியம். நிறுவனங்களின் நிதியாண்டு மார்ச்சோடு முடிகிறது. ஏப்ரல், மே மாதங்களில் அவர்கள் அந்த ஆண்டுத் திட்டம் போடும்போது உங்கள் விண்ணப்பம் மேசையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிப்ரவரியில், செலவாகாமல் மீந்த தொகை எங்காவது இருக்கிறதா என்று கேளுங்கள். நடுவில் போனால் தேநீர் மட்டும்தான் கிடைக்கும்.

அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நிதி ஆயோக்கின் திட்டம் அது. தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் வரை, அதில் 10 லட்சம் அமைப்பதற்கு, 10 லட்சம் ஐந்தாண்டு நடத்துவதற்கு. நல்ல திட்டம்தான். ஆனால் அது முப்பரிமாண அச்சுப்பொறிக்கும் மின்னணுப் பலகைகளுக்கும் ஆனது. அந்தப் பணத்தில் பியூரெட் வாங்கிப் பாடத்திட்ட ஆய்வகத்தை ஓட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

4. தண்ணீர், வடிகால், மின்சாரம்

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதும் படியுங்கள்.

எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. வாளியில் வெள்ளைக் கோடு விழும், சோப்பு நுரைக்காது. குடிக்கத்தான் ஆகாது, கழுவ ஆகும் என்று நினைத்தோம். முதல் ஆண்டு உப்புப் பகுப்பாய்வில் இருபது பேருக்கும் குளோரைடு வந்தது. நான் கொடுத்த உப்போ சல்பேட். பிள்ளைகள் கரைசல் தயாரித்ததும் சோதனைக் குழாய் கழுவியதும் குழாய்த் தண்ணீரில். தண்ணீரில் இருந்த குளோரைடு சில்வர் நைட்ரேட்டோடு சேர்ந்து பால்போல வெளுத்துவிட்டது. ஒரு மணி நேரம் பிள்ளைகளைத் திட்டிவிட்டு, பிறகு வெறும் குழாய்த் தண்ணீரில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தேன். வெளுத்தது. பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நீங்களும் அந்த இரண்டு சொட்டுச் சோதனையை முதல் நாளே செய்யுங்கள். வெளுத்தால் கரைசல் தயாரிக்கவும் கடைசியாக அலசவும் வாலை வடிநீர்தான் (காய்ச்சி வடித்த நீர்) வேண்டும் என்று பொருள். வாலை வடிநீர் கருவி வாங்கலாம். ஆனால் உப்புத் தண்ணீரில் அதன் சூடேற்றும் கம்பியில் சுண்ணாம்பு படிந்து அடிக்கடி கெடும். எங்களுக்கு மாதம் நாலைந்து கேன் வெளியில் வாங்குவதே மலிவாக முடிகிறது.

மேலே தனித் தொட்டி வையுங்கள், 500 லிட்டர் போதும். பள்ளி முழுவதற்குமான தொட்டியில் இணைத்தால், இடைவேளையில் பிள்ளைகள் கை கழுவும்போது ஆய்வகக் குழாயில் காற்றுதான் வரும்.

வடிகால் குழாய் பிவிசியாக இருக்கட்டும். இரும்புக் குழாயை அமிலம் தின்றுவிடும். கழுவுதொட்டி பீங்கான் அல்லது பாலிபுரொப்பிலீன். எவர்சில்வர் பளபளவென்று இருக்கும், ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு அது புள்ளி புள்ளியாக அரித்துப்போகும். கழிவுநீர் நேரே பக்கத்து வாய்க்காலுக்குப் போகக் கூடாது. வெளியே மூன்றடிக் குழி எடுத்து, உள்ளே சுண்ணாம்புக்கல் ஜல்லி நிரப்புங்கள். அமிலம் அதோடு வினைபுரிந்து நடுநிலைக்கு வந்த பிறகு அடுத்த குழிக்குப் போகும். ஆண்டுக்கு ஒருமுறை ஜல்லியை மாற்ற வேண்டும்.

மின்சாரத்தில் இரண்டே விஷயம். ஆய்வகத்துக்குத் தனி எர்த், தனி ட்ரிப்பர் (மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிப்பது). ஈரக் கையோடு வேலை செய்யும் இடம் அது. புகைபோக்கி விசிறிக்கு பிளாஸ்டிக் இதழ் கேளுங்கள்; தகர இதழ் ஒரே ஆண்டில் துருப்பிடித்துச் சிவப்புத் தூளாகக் கொட்டும்.

எரிவாயு என்றால் வணிகப் பயன்பாட்டு 19 கிலோ சிலிண்டர், அறைக்கு வெளியே கம்பிக் கூண்டில். வீட்டு சிலிண்டரைக் கொண்டுவந்து வைப்பது சட்டப்படியும் தவறு, ஆய்வுக்கு வருபவர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

5. மேசைக்கு எந்தக் கல்?

எங்கள் கொத்தனார் அண்ணன் நல்ல மனிதர். "சார், கடப்பா கல் போட்டுடுவோம், அடுப்பங்கரைக்கே அதான் போடுறோம், மலிவு" என்றார். கறுப்பாக, வழவழவென்று அழகாகத்தான் இருந்தது. போட்ட முதல் மாதமே மேசையெங்கும் வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. காரணத்தை ஒரு வேதியியல் ஆசிரியன் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்: கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை. கால்சியம் கார்பனேட் மீது அமிலம் பட்டால் என்ன ஆகும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும். பளிங்குக்கும் இதே கதி.

கிரானைட் போடுங்கள். ஆய்வகத்தில் புழங்கும் சாதாரண அமிலங்களுக்கு அது அசையாது. மேலூர்ப் பக்கம் பாலிஷ் போட்ட பலகையாகவே கிடைக்கும். கல்லாக வாங்குவதைவிட வெட்டி, விளிம்பு மழித்து, ஏற்றி இறக்கும் கூலிதான் அதிகம் இழுக்கும், ஆகவே எல்லாவற்றையும் சேர்த்தே விலை பேசுங்கள். போகும்போது ஒரு சொட்டுக் குப்பியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொண்டுபோங்கள். கல்லின் ஓரத்தில் ஒரு சொட்டு. நுரைத்தால் வேண்டாம். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

கழற்றிய கடப்பா பலகைகளை வீணாக்கவில்லை. உடைத்து, வெளியே இருக்கும் நடுநிலையாக்கும் குழிக்குள் போட்டோம். இன்றைக்கும் அமிலத்தைத் தின்றுகொண்டு அங்கேதான் கிடக்கின்றன.

இயற்பியல் அறையில் வேறொரு சிக்கல். மின்னோட்டம் அளக்கும் டேன்ஜன்ட் கால்வனோமீட்டர் பூமியின் காந்தப்புலத்தை நம்பி வேலை செய்வது. பட்டறைக்காரர் தந்த இரும்புச் சட்ட மேசையின் மேல் வைத்தால் முள் தன் இஷ்டத்துக்கு நிற்கும். அந்தப் பரிசோதனைக்கு மட்டும் ஒரு மரமேசை, இரும்பு பீரோவிலிருந்தும் ஜன்னல் கம்பியிலிருந்தும் தள்ளி. இரண்டு கால்வனோமீட்டர்களையும் அருகருகே வைக்காதீர்கள்.

கட்டட வேலைக்கு ஏப்ரல், மே தவிர வேறு காலம் கிடையாது. ஆனால் அதே நேரத்தில்தான் மதுரையில் சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் வேலையாள் வரமாட்டார், லாரி ஊருக்குள் நுழையாது, நீங்களும் அறையில் இருக்கமாட்டீர்கள். அந்தப் பத்து நாளைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டே திட்டம் போடுங்கள்.

6. கொட்டேஷன் வாங்கும்போது

குறைந்தது மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், வாங்கும் குழுவின் கையெழுத்து. நன்கொடை தருபவரும் தணிக்கையாளரும் கேட்பது இந்த மூன்றையும்தான்.

பொறிகள் பல. "பியூரெட் 50 மிலி" என்று மட்டும் எழுதினால் மூன்று கடையும் மூன்று தரத்தில் விலை போடும்; மலிவானது ஜெயிக்கும்; வருவது கோடு அழியும் கண்ணாடி. "போரோசிலிக்கேட் கண்ணாடி, டெஃப்லான் திருகு" என்று எழுதுங்கள். விலையில் ஜிஎஸ்டி சேர்ந்ததா, வண்டிக்கூலி யார் தலையில், உடைந்து வந்தால் யார் பொறுப்பு, இந்த மூன்றுக்கும் கொட்டேஷனிலேயே பதில் இருக்க வேண்டும்.

பள்ளிக் கருவிகளில் பெரும்பகுதி ஹரியானாவின் அம்பாலாவில் செய்யப்படுபவை. மதுரைக் கடைக்காரரும் அங்கிருந்துதான் வரவழைக்கிறார். நேரே அங்கே ஆர்டர் போட்டால் மலிவு என்று தோன்றும். நான் போட்டேன். லாரி புக்கிங் ஆபீஸில் பெட்டியை வாங்கி, பள்ளிக்கு வந்து பிரித்தபோது பதினான்கு கூம்புக் குடுவை உடைந்திருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டதால் பேச்சே எடுபடவில்லை. கண்ணாடிப் பொருளை உள்ளூரில் வாங்குங்கள், விலை கூடினாலும் மாற்றித் தருவார். உலோகக் கருவியை வெளியூரில் வாங்கலாம். எதை வாங்கினாலும் பெட்டியைப் பிரிப்பதைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள்.

முழுத் தொகையை முன்பணமாகத் தராதீர்கள். எங்களுக்கு ஒருவர் மின்னழுத்தமானி தர ஆறு மாதம் ஆக்கினார். பாதி முன்பணம், மீதி எல்லாக் கருவியும் ஓடிப் பார்த்த பிறகு.

7. பாடவாரியாகச் சில எச்சரிக்கைகள்

இயற்பியலில் அதிகப் பணம் போவது நிறமாலைமானிக்கு. முப்பட்டகப் பரிசோதனைக்கு சோடியம் விளக்கு, கீற்றணிக்கு (நெருக்கமான கோடுகள் கீறிய தகடு) பாதரச விளக்கு. விளக்கின் விலையைப் பார்த்து மகிழ வேண்டாம். அதை எரியவைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தனி. பெட்டியும் தனி. மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். இருட்டு மூலை ஒன்றும் அறையில் வேண்டும். கறுப்புத் துணித் திரை போதும். லாஜிக் கேட், ஜீனர் டையோடு, டிரான்சிஸ்டர் பரிசோதனைகளுக்குப் பெட்டிபோல விற்கும் கருவிகளை வாங்காமல், பிரெட்போர்டும் உதிரிகளும் வாங்கினால் கால்வாசி விலைதான். பிள்ளைகளும் இணைப்பு கொடுக்கக் கற்பார்கள்.

வேதியியலில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் ரப்பரை அரிக்கும், சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணாடித் திருகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். டெஃப்லான் திருகு என்று மேலே சொன்னது அதனால்தான். பிப்பெட்டோடு உறிஞ்சு பல்பும் வாங்குங்கள். வாயால் உறிஞ்சுவது நம் பள்ளிகளில் பழகிப்போன கெட்ட பழக்கம். ஒரு பையன் ஆக்சாலிக் அமிலத்தை வாயில் இழுத்த நாளிலிருந்து எங்கள் பள்ளியில் அதை நிறுத்தினோம். மலிவாகக் கிடைக்கிறதென்று ஃபெரஸ் சல்பேட்டை ஐந்து கிலோ வாங்காதீர்கள். காற்றுப்பட்டுப் பழுப்பாகிவிடும். மோர் உப்பு (ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்) தாங்கும். சில்வர் நைட்ரேட் 25 கிராம் பாட்டிலாக மட்டும். வெள்ளி விலையோடு அதன் விலையும் ஏறும்.

உயிரியலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 10 எக்ஸ், 40 எக்ஸ் லென்ஸ் உள்ள மாணவர் நுண்ணோக்கி போதும், 100 எக்ஸ் எண்ணெய் லென்ஸ் பிள்ளைகள் கையில் ஒரு வாரம் தாங்காது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடாவிட்டால் ஐப்பசி மழையில் லென்ஸில் பூஞ்சை படரும். ஒருவித்திலைத் தண்டுக்கு மக்காச்சோளம் பக்கத்து வயலிலேயே உண்டு. ஒளிச்சேர்க்கைப் பரிசோதனைக்கான வேலம்பாசிதான் வம்பு: மழை பெய்தால் கண்மாயில் அள்ளலாம், கண்மாய் வற்றினால் மதுரை மீன்தொட்டிக் கடைக்கு ஓட வேண்டும். ஒரு சிமெண்டுத் தொட்டியில் வளர்த்துவிடுங்கள். இரண்டு கப்பி மீனையும் விடுங்கள், கொசு வராது.

தெரியாத இடத்தில் கல்லூரி ஆய்வக உதவியாளர்களைக் கேளுங்கள். அமெரிக்கன் கல்லூரி, மதுரைக் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, லேடி டோக், பாத்திமா என்று நம் ஊரில் அறிவியல் துறைகளுக்குப் பஞ்சமில்லை. பேராசிரியர்கள் கருவியின் தத்துவம் சொல்வார்கள். எந்தத் திருகு ஆறு மாதத்தில் கழன்று விழும் என்பதை உதவியாளர்கள்தான் சொல்வார்கள்.

8. அமிலம், ஸ்பிரிட், அலமாரி

அமிலம் வாங்குவது இப்போது மளிகைக் கடை வேலை இல்லை. அமில வீச்சுக்கு ஆளான லட்சுமி தொடுத்த வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவில் கல்வி நிறுவனங்களுக்கென்றே சில கடமைகள் இருக்கின்றன: அமிலப் பயன்பாட்டுக்குப் பதிவேடு வைக்க வேண்டும், அதைக் கோட்டாட்சியர் நிலை அதிகாரியிடம் தாக்கல் செய்ய வேண்டும், பாதுகாப்புக்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும், ஆய்வகத்திலிருந்து வெளியே போகும் மாணவர்களைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். பல பள்ளிகளில் இந்தப் பதிவேடே கிடையாது. ஒரு நீள நோட்டு போதும்: தேதி, எந்த அமிலம், எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு, மீதி, கையெழுத்து. வாங்கும்போது பள்ளி லெட்டர்ஹெட்டில் கடிதமும் பொறுப்பாசிரியரின் அடையாள அட்டையும் கொண்டுபோங்கள்.

மெத்தனால், ரெக்டிஃபைடு ஸ்பிரிட் இரண்டும் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ளவை. "தெரிஞ்ச கடையில வாங்கிக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கள்ளக்குறிச்சியில் 2024இல் ஆளைக் கொன்றது அதே மெத்தனால்தான். சூடேற்ற எரிவாயுவோ மின்சூடேற்றியோ வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஸ்பிரிட்டே தேவைப்படாது.

அடுக்கும்போது அகர வரிசை பார்க்காதீர்கள். நைட்ரிக் அமிலத்தை அசிட்டிக் அமிலம் முதலான கரிமப் பொருள்களிடமிருந்து பிரித்து வையுங்கள். பெர்மாங்கனேட்டுக்குப் பக்கத்தில் கிளிசரின் கூடாது. அம்மோனியாவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அடுத்தடுத்து இருந்தால் அலமாரி முழுக்க வெண்புகை படியும். அமிலங்கள் கீழ்த்தட்டில், பிளாஸ்டிக் தட்டின் மேல், இடுப்புக்குக் கீழே. இயற்பியல் கருவிகளை வேதியியல் அறையில் வைக்கவே வைக்காதீர்கள். எங்கள் நிறமாலைமானியில் எலி கெடுக்காத அளவுகோலை அமில ஆவி கறுப்பாக்கியது.

மணல் வாளி இரண்டு, கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் ஒன்று, கண் கழுவும் குப்பி, சமையல் சோடா டப்பா. தீயணைப்பானின் மறுநிரப்புத் தேதியையும் சுவரில் ஒட்டிய அதே அட்டையில் சேருங்கள்.

9. பதிவேடுகள்

நிலைப்பொருள் இருப்பு, நுகர்பொருள் இருப்பு, உடைபாடு, அமிலம். நான்கு நோட்டு. உடைபாட்டுப் பதிவேட்டைப் பிள்ளைகளிடம் பணம் பிடுங்கப் பயன்படுத்தினால், உடைந்த குடுவை ஜன்னல் வழியாகப் பறக்கும். உங்களுக்குக் கணக்கும் தெரியாது, வெளியே நடப்பவர் காலும் கிழியும். நன்கொடையில் வந்த பொருளில் நிறுவனத்தின் பெயரை எழுதிப் படம் எடுத்து, பயன்பாட்டுச் சான்றோடு அனுப்புங்கள். நாங்கள் அதை ஒழுங்காக அனுப்பினோம். அடுத்த ஆண்டு கேட்காமலேயே இரண்டு நுண்ணோக்கி வந்தது.

10. பிப்ரவரிக்கு முன்

செய்முறைத் தேர்வு பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். புறத்தேர்வர் வெளிப் பள்ளியிலிருந்து வருவார். உங்கள் அறையின் குறை அவருக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆகவே டிசம்பர் கடைசியில், அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், ஒரு முழு அணியை உட்காரவைத்துத் தேர்வு போலவே நடத்துங்கள். நேரம் பாருங்கள். எங்கள் முதல் ஒத்திகையில் வேதியியல் தேர்வு நாற்பது நிமிடம் தாமதமாக முடிந்தது, காரணம் இருபத்திரண்டு பேருக்கு ஒரே ஒரு தராசு.

பொங்கலுக்கு முன்பே நுகர்பொருள் ஆர்டர் போட்டுவிடுங்கள். ஜனவரிக் கடைசியில் மாவட்டத்துப் பள்ளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கடைக்கு வரும். ஃபீனால்ஃப்தலீன்கூட "நாளைக்கு வாங்க சார்" ஆகிவிடும். தேர்வுத் தேதி தெரிந்த அன்றே மின்வாரிய அலுவலகத்துக்குப் போய், அந்த வாரத்தில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று கேட்டு, தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வாருங்கள். மேல்தொட்டியை முந்தின நாள் மாலையே நிரப்பி வையுங்கள். வாலை வடிநீர் கேனை எண்ணிப் பாருங்கள். இருபத்திரண்டு பேருக்கு, மூன்று நாளைக்கு, எங்களுக்குப் பன்னிரண்டு கேன் ஆகிறது.